ஒரே அண்டாச் சோறு

புளியோதரையில் வேர்க்கடலை போடலாமா கூடாதா என்று கேட்டால் எங்கள் காஞ்சிபுரத்தில் இரண்டு கட்சி உண்டு. நான் போடலாம் என்கிற கட்சி. கடலை பல்லில் கடிபடாவிட்டால் அது என்ன புளியோதரை, சார்? சமையல்காரர் துரைக்கண்ணுவும் என் கட்சிதான். ஆனால் அன்றைக்கு அவர் அண்டாவில் ஒரு கடலைகூடப் போடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். கவனக்குறைவு என்று அவரை உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் மனைவி வடிவாம்பாள் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது.

என் பெயர் சிவபாலன். பரம்பரையாகப் பட்டு நெசவு. வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. மனைவி மஹாலட்சுமி போய்ச் சேர்ந்த பிறகு தட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தோழமைச் சபைதான் என்னை மனிதனாக வைத்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். டாக்டரோ ஆட்டோ ஓட்டுகிறவரோ, சபைக்குள் எல்லோரும் சகோதரர்கள். கூட்டம் முடிந்ததும் ஒரே வரிசையில் இலை போடுவோம். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை முதல் ஆள் எழுந்திருக்கக் கூடாது. பந்தி விசாரிப்பு என் பொறுப்பு. பரிமாறிவிட்டுக் கடைசி இலையில் உட்காருவேன். அத்தனை பேரும் எனக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

அந்தச் சபைக்குப் பிறகு வந்து சேர்ந்தவர் ஜெபகுமார். பேருந்து நிலையம் அருகே மூக்குக்கண்ணாடிக் கடை. இப்போது நான் போட்டிருப்பதுகூட அவர் செய்து கொடுத்ததுதான். பூர்வீகம் தென்னேரி. அப்பா அங்கே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், வீடு காலனியில். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், நான் இதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் சபையில் ஒரு மூடிய பெட்டி வைப்போம். வேண்டுமென்றால் வெள்ளைக் கோலி, வேண்டாமென்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவரைச் சேர்க்க மாட்டோம். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. நான் வெள்ளைதான் போட்டேன்.

சேர்ந்த அன்றே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணா, எனக்கு வேர்க்கடலை ஆவாது. சின்ன வயசுல ஒரு வாட்டி வாய்ல போட்டு, தொண்ட வீங்கி, செத்துப் பொழச்சேன். கரண்டி மாறுனாக்கூட கஷ்டம்ணா." அதற்கென்ன என்றேன். அவருக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி டம்ளர் வாங்கி, நானே எடுத்து வைத்தேன். இவ்வளவு அக்கறையா என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சிவபாலன் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார் என்றார்கள். அந்தத் தனிப் பாத்திரம் அவருக்குப் பாதுகாப்பு. எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எதற்கு என்று நான் அப்போது என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் தலைவர் பதவி மாறியது. பழைய தலைவர் திருஞானசம்பந்தமும் எங்கள் நெசவுக்காரர்தான். ஜெபகுமார்தான் அடுத்த தலைவர் என்று அவரே முன்மொழிந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்கிய கையை இறக்கும்போதுதான் எங்கள் வழக்கம் நினைவுக்கு வந்தது.

பதவி ஏற்கும் நாளில் சோறு ஒரே அண்டாவில்தான். புதிய தலைவர் அதைக் கையால் பிசைந்து, முதல் உருண்டையை எல்லோரும் பார்க்கத் தான் உண்பார். பிறகு வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருண்டை வைப்பார். அதை அங்கேயே சாப்பிட வேண்டும். மறுத்தவர் அன்றோடு சபையை விட்டுப் போய்விட வேண்டும்.

வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள், சார். அவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சுக்குப் பேச்சு சிரித்திருக்கிறோம். ஆனால் அவர் பிசைந்த சோறு என் வாய்க்குள் போவதை நினைத்தாலே குமட்டியது. அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். பந்தி விசாரிக்கிறவன் எப்படி வராமல் இருப்பான்? மறுத்திருக்கலாமே என்பீர்கள். மறுத்தால் மாதத்தில் அந்த ஒரு ஞாயிறும் எனக்கு இல்லை. சாகும்வரை தனியாகச் சாப்பிட வேண்டும். எனக்கு அந்தப் பந்தியும் வேண்டும், அந்த உருண்டையும் வேண்டாம்.

வீட்டிலேயே கடலையை வறுத்து, மிக்சியில் பொடித்து, எள்ளுப்பொடியோடு கலந்து எடுத்துப் போனேன். துரைக்கண்ணு அண்டாவை இறக்கி மூடியதும் வாழை இலை போதாது என்று அவரைக் கடைக்கு அனுப்பினேன். பொடியைத் தூவிக் கிளறினேன். எள்ளோடு சேர்ந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது. சபையில் எல்லோரும் சமம், தனிப் பாத்திரம் எதற்கு, அந்த வேறுபாட்டை இன்றைக்கு நான்தான் ஒழிக்கிறேன் என்றுகூடக் கிளறும்போது ஒரு நினைப்பு ஓடியது. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்டாவுக்குள் கை வைக்கும் முன் ஜெபகுமார் என்னைத்தான் பார்த்தார். "அண்ணா, கடலை இல்லியே?"

"இல்லபா. தைரியமா சாப்புடு. இன்னிக்கு எல்லாருக்கும் உன் சோறுதான்" என்றேன்.

சிரித்துக்கொண்டே முதல் உருண்டையைச் சாப்பிட்டார். வரிசையில் கொடுத்துக்கொண்டே வந்தவர் பாதியில் இருமினார். உதடு தடித்தது. அப்போதும் நிறுத்தவில்லை. கடைசியில் இருந்த என்னிடம் உருண்டையோடு வந்து கையை நீட்டினார். நான் என் கையை நீட்டவில்லை. அவர் அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்தார்.

அரிப்பு வரும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், விழா தள்ளிப்போகும், அதற்குள் யாராவது மனம் மாறுவார்கள் என்றுதான் நினைத்தேன். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அவர் மனைவி நதியா நர்ஸ். இந்த மாதிரி ஆபத்துக்கென்று ஓர் ஊசியை அவர் பையில் போட்டே அனுப்புவாள். சபைக்குள் பையோ போனோ கூடாது. எல்லாம் வெளி அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி என்னிடம். திருஞானசம்பந்தம் ஓடி வந்து, "சாவி எங்கபா? குடுபா, மூச்சு வாங்கிக்கினு இருக்காரு" என்று கத்தினார். நான் மேசையில் தேடினேன். சமையல்கட்டில் தேடினேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இருப்பது எனக்குத் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கொன்றது நான்தான். துரைக்கண்ணுவை விட்டுவிடுங்கள். அன்றிலிருந்து கையில் சோற்றை எடுத்தால் அவர் நீட்டிய அந்தக் கை எதிரே வருகிறது, அப்படியே தட்டில் போட்டுவிடுகிறேன். செய்தது மகா பாவம். எந்தக் கோயில் குளத்தில் முங்கினாலும் போகாது.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரில் அவர் தலையை என் மடியில்தான் தாங்கியிருந்தேன். சொந்தத் தம்பியைப் போலத் தாங்கினேன். அங்கே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வேட்டி சட்டையை நனைத்துப் போட்டுத் தலை முழுகினேன். சாவுக்குப் போய் வந்தவன் தலை முழுகுவது வழக்கம்தானே, உறவு என்று நினைத்ததால்தான் முழுகினேன். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது திருஞானசம்பந்தம் போன் செய்தார். "மூச்சு வந்துக்கினு இருக்குதுபா, கண்ணத் தொறந்துட்டாரு" என்று அழுதார்.

ஜெபகுமார் செத்தது மறுநாள் காலையில்தான், சார்.