அப்பாவுக்கு மாலை போட்ட படம்

—இதோட ஒன்பதாவது போன், லக்சி. ஒன்பது பேருக்கு நான் இன்னும் சாகேல்லை எண்டு சொல்லியாச்சு.

—அப்பா, ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ. சிவப்பு விழுந்திட்டுது.

—சிவப்பு விழுந்தா எனக்கென்ன? நான்தான் செத்த ஆளாச்சே. பொலிஸ் மறிச்சா நீ கீறின படத்தைக் காட்டிவிடு.

—நான் அதைப் படம் எடுத்து ஒருத்தருக்கும் அனுப்பேல்லை. மேர்சி அன்ரிதான் அனுப்பினவ.

—மேர்சி என்ன செய்வாள்? பள்ளிக்கூடத்தில நிலம் துடைக்கப் போன மனுசி. கண்காட்சி மண்டபத்துக்குள்ள நிமிர்ந்து பாத்தா, நித்தியானந்தன் மாலை போட்டுத் தொங்கிறான். பக்கத்தில சிவப்பு லைட் மின்னுது. வாளியை அப்பிடியே விட்டிட்டு அழுதிருக்கிறாள். அழுது அழுது போட்டோ எடுத்து, தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப்பில போட்டிட்டாள். நூற்றியெண்பது பேர் இருக்கிற குழு! நூற்றியெண்பது பேரும் கும்பிட்ட கையைப் போட்டிருக்கினம்!

—உயிரோட இருக்கிறன் எண்டு நீங்களும் எழுத வேண்டியதுதானே.

—எழுதினன். அதுக்குக் கீழயும் ஒருத்தன் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு போடுறான். வாசிக்கிறாங்களோ, இல்லாட்டி கைப்பழக்கத்தில அமத்திறாங்களோ தெரியேல்லை. சிரிக்காதை!

—சிரிக்கேல்லை. கண்ணாடியைத் துடைச்சனான்.

—எப்பயிருந்து நீ கண்ணாடி போடுறாய்?

—கார்த்திகையில இருந்து.

—சரி, அதை விடு. வேலையால வந்து இன்னும் சப்பாத்துக் கழட்டேல்லை, ஆரோ பெல் அடிக்கினம். திறந்தா பாலச்சந்திரன்ர மனுசி. கையில இடியப்பமும் சொதியும். செத்த வீட்டில அடுப்பு மூட்டக் கூடாதெண்டு கட்டிக்கொண்டு வந்திருக்குது. என்னைக் கண்டுதோ இல்லையோ, சொதிச்சட்டியைப் படியில போட்டிட்டுது. கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவி இப்ப அந்த மஞ்சளைக் கழுவச் சொல்லிக் கத்திக்கொண்டு நிக்கிறா.

—நான் வந்து கழுவுறன்.

—நீ ஒண்டும் கழுவ வேண்டாம். நான் சொல்லுறதை வடிவாக் கேள். மண்டபம் ஆறு மணிக்குப் பூட்டும். அதுக்குள்ள போய் அந்தப் படத்தை என்ர கையால கழட்டப்போறன். விளங்குதோ?

—கழட்டேலாது, அப்பா. திங்கட்கிழமைதான் புள்ளி போடுவினம். சுவரில இல்லாத படத்துக்கு ஒண்டுதான். ஆறில ஒண்டு.

—ஒண்டு போடட்டும், சைபர் போடட்டும்.

—இது வருசத்துப் புள்ளியில பாதி. ஒண்டு விழுந்தா என்னை வகுப்பேத்த மாட்டினம். சித்திரத்தை விட்டிட்டு, வேற பாடம் எடுத்து, திருப்பி இந்த வருசத்தைப் படிக்கோணும்.

—படி! ஒரு வருசம் பிந்தினாலும் உயிரியலும் இரசாயனமும் படி. அதைத்தானே நான் தொடக்கத்தில இருந்து சொல்லுறன். எனக்குத் தெரியாமக் கொம்மாவிட்டக் கையெழுத்து வாங்கினனீ. அந்தக் கையெழுத்து இண்டைக்கு என்னைச் சுவரில ஏத்தியிருக்குது.

—எல்லாரும்தான் வீட்டு ஆக்களைக் கீறினது. 'உங்கட வீட்டுச் சுவரில படங்கள் எப்பிடித் தொங்குமோ அப்பிடியே தொங்க விடோணும்' எண்டதுதான் மிஸ் தந்த வேலை.

—மற்றப் பிள்ளையளும் தகப்பனைத் தொங்க விட்டவையோ?

—சிலபேர். சயன் பூனையைக் கீறினவன்.

—பூனைக்கு மாலை போட்டவனோ?

—இல்லை.

—பாத்தியோ! பூனைக்குக் கிடைச்ச மரியாதைகூட எனக்குக் கிடைக்கேல்லை. உன்ர மிஸ் ஒண்டும் கேக்கேல்லையோ?

—கேட்டவ. எங்கட வீட்டில இப்பிடித்தான் எண்டு சொன்னன். 'ஷோன், ஸேர் ஷோன்', வலு வடிவு எண்டா.

—அவவுக்கு ஷோன்தான். மாப்பிள்ளைக் கோலம் எண்டு நினைச்சிருப்பா.

—உங்கட போன் அடிக்குது.

—பத்து! ஸ்பீக்கரில போடு. நான் ஓட்டுறன்.

—அலோ, நித்தி வீட்டு ஆக்களோ? நான் லாங்கன்தாலில இருந்து மரியதாஸ். இப்பதான் கேள்விப்பட்டன். நெஞ்சு ஆறுதில்லை தம்பி.

—மரியதாஸ் அண்ணை, நான்தான் கதைக்கிறன்.

—ஓமோம். நீங்கள் ஆர், நித்தியின்ர தம்பியாரோ? குரல் அச்சொட்டா அவற்ற குரல்.

—நான் நித்தியேதான் அண்ணை!

—கர்த்தரே! அப்ப அந்தப் படம்?

—மகள் பள்ளிக்கூடத்தில கீறினது. வகுப்பு வேலை.

—சித்திர வகுப்போ? பிள்ளை டொக்டருக்கெல்லோ படிக்குதெண்டு சொன்னனீர்?

—அது... அதோட சேத்து இதையும் செய்யுது.

—நல்லது, நல்லது. எண்டாலும் ஒண்டு கேக்கோணும். மரண அறிவித்தலில போடுற மாதிரி மலர்வு, உதிர்வு எண்டு ரெண்டு திகதி கிடக்குது. உதிர்வு போன வருசம் ஆவணி. நாங்கள் ரெண்டு பேரும் இந்தச் சித்திரையில கலியாண வீட்டில பக்கத்தில பக்கத்தில இருந்தெல்லோ சாப்பிட்டனாங்கள்? இதைத்தான் நானும் மனுசியும் ஒரு மணித்தியாலமா யோசிக்கிறம்.

—அண்ணை, கார் ஓட்டுறன். பிறகு எடுக்கிறன்.

—கவனமா ஓட்டும்! என்ன இருந்தாலும் இண்டைக்கு நாள் சரியில்லை.

—நிப்பாட்டு போனை. நிப்பாட்டு!

—நிப்பாட்டிட்டன். நான் எப்ப அப்பா டொக்டருக்குப் படிச்சனான்?

—நீ வாயை மூடு.

—எல்லாரிட்டயும் பொய் சொல்லி வைச்சிருக்கிறீங்கள்.

—பின்ன என்ன சொல்லுறது? இந்த பீல் நகரத்தில எத்தினை தமிழ்ப் பிள்ளையள் கம்பசுக்கு அனுப்புற கிம்னாசியத்துக்குப் போனது? விரல் விட்டு எண்ணலாம். அதில என்ர பிள்ளை போய் இருந்து பென்சில் சீவுதெண்டு சொல்லுறதோ? இருபத்திரண்டு வருசமா நான் மணிக்கூட்டுக் கூடு மினுக்கிறன். ஆரோ ஒருத்தன்ர கையில கட்ட, நான் நிண்டு மினுக்கிறன்.

—மினுக்கிறதும் கைவேலைதானே. நானும் கைவேலைதான் செய்யிறன்.

—அதுதான் வேண்டாம் எண்டுறன்! கைவேலை என்னோட முடியட்டும்!

—கத்தாதைங்கோ. கார்க் கண்ணாடியெல்லாம் அதிருது.

—லக்சி, உனக்கு ஒரு வழி சொல்லுறன், கேள். நீ இஞ்ச பிறந்த பிள்ளை. மாலையும் லைட்டும் ஆருக்குப் போடுறதெண்டு உனக்குத் தெரியாது. அப்பப்பான்ர படம் வீட்டில அப்பிடித் தொங்கிறதைப் பாத்தனீ, அதே மாதிரிச் செய்திட்டாய். திகதியும் கைக்கு வந்ததை எழுதிட்டாய். அப்பிடித்தானே? குழுவில அதை உன்ர குரலில சொல்லிப் போடு. 'தெரியாமச் செய்திட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு. சனம் ரெண்டு நாள் சிரிச்சிட்டு விட்டிடும்.

—அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில இடம் இருக்கு. நிப்பாட்டுங்கோ.

—கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. தெரியாமத்தானே செய்தனீ?

—நீங்கள் போனிலதான் பாத்தனீங்கள். உள்ள வந்து பாத்திட்டுக் கேளுங்கோ.

—வாறன். பாக்க இல்லை, கழட்ட வாறன். இறங்கு.

—இந்தக் கதவால. சப்பாத்தைத் துடையுங்கோ, மேர்சி அன்ரி இப்பதான் துடைச்சவ.

—எங்க?

—கடைசிச் சுவர். அது சயன்ர பூனை. அதுக்கு அங்கால.

—இவ்வளவு பெரிசோ?

—கதவளவு.

—நகத்துக்குள்ள இருக்கிற கறுப்பைக்கூட நீ விடேல்லை.

—அது போறேல்லைத்தானே. எலுமிச்சங்காய் போட்டுத் தேய்ச்சும்.

—மண்டையில தழும்பு... இதை எப்ப கீறினனீ? நான் ஒருநாளும் உனக்கு முன்னால இருந்து தரேல்லையே.

—ஒவ்வொரு நாளும் இருந்தனீங்கள். சாப்பிடேக்க, செய்தி பாக்கேக்க. மற்றவையின்ர அப்பாமார் அசைஞ்சு கொண்டே இருப்பினமாம். 'என்ன கீறுறாய், காட்டு' எண்டு எட்டிப் பாப்பினமாம். நீங்கள் என்ர பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வலு லேசாப் போச்சு.

—விசர்க்கதை கதைக்காதை. ஏணி எங்க?

—தெரிஞ்சுதான் செய்தனான்.

—என்ன?

—மாலை ஆருக்குப் போடுறதெண்டு எனக்குத் தெரியும். உதிர்வு எண்டா என்னெண்டும் தெரியும். அது கைக்கு வந்த திகதி இல்லை. போன வருசம் பள்ளிக்கூடம் தொடங்கி, பாட அட்டவணை வீட்டுக்கு வந்த நாள்.

—லக்சி, மெதுவாக் கதை.

—மாட்டன்! அதை எடுத்து வாசிச்சீங்கள். சித்திரம் எண்டு கண்டவுடன குசினியில வைச்சுக் கிழிச்சீங்கள். கிழிச்சுப் போட்டு என்ன சொன்னனீங்கள்? சொல்லுங்கோ!

—கோபத்தில மனுசன் ஆயிரம் சொல்லுவான்.

—ஆயிரம் சொல்லேல்லை, ஒண்டுதான் சொன்னீங்கள். 'இதைத்தான் படிப்பாய் எண்டா, அப்பா செத்திட்டான் எண்டு நினைச்சுக்கொள்.' சரி, நினைச்சுக்கொண்டன்.

—அது பேச்சுக்குச் சொல்லுறது! எங்கட ஆக்களில எந்தத் தகப்பன் அதைச் சொல்லேல்லை? அதைப் பிடிச்சுக்கொண்டு சுவரில தொங்க விடுவியோ?

—அவையள் விடிஞ்சவுடன வந்து 'சாப்பிட்டியோ' எண்டு கேப்பினம்! நீங்கள் கேட்டனீங்களோ? பத்து மாசம், அப்பா! ஒரே மேசை, ஒரே கறிச்சட்டி. 'தில்லை, அவளிட்ட சொல்லு, உப்பை இஞ்சால தள்ளச் சொல்லி.' 'தில்லை, அவளிட்ட சொல்லு, குளியலறை லைட்டை நிப்பாட்டச் சொல்லி.' கையெட்டுற தூரத்தில இருக்கிற எனக்கு அம்மா நடுவில இருந்து மொழிபெயர்க்கிறா! எனக்குக் கண் தெரியாமப் போய், டொக்டரிட்டப் போய், கண்ணாடி போட்டு ஏழு மாசம். நீங்கள் இண்டைக்குக் காரிலதான் கண்டனீங்கள்!

—போதும்.

—போதாது. நான் உங்களைக் கொல்லேல்லை. நீங்களாப் போனனீங்கள். நான் திகதி மட்டும்தான் போட்டனான். ஒன்பது பேர் போன் எடுத்த பிறகுதான் உங்களுக்கு என்னோட கதைக்க வாய் வந்தது. ஏச்செண்டாலும் பரவாயில்லை, என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறார் எண்டுதான் காரில ஏறினனான். இந்தாங்கோ, ஏணி இந்த மூலையில இருக்கு. கழட்டுங்கோ. ஒண்டு விழட்டும். என்னை வகுப்பை விட்டு எடுங்கோ. ஆனா தெரியாமச் செய்தன் எண்டு மட்டும் நான் சொல்ல மாட்டன்.

—உன்ர போன் அடிக்குது.

—அம்மா. இந்தாங்கோ, நீங்களே கதையுங்கோ. ஸ்பீக்கரில இருக்கு.

—ஓம் தில்லை, நான்தான்.

—என்னப்பா, கழட்டிப் போட்டீங்களோ? பிள்ளை எங்க? அழுறாளோ?

—அழேல்லை. கத்திறாள். பக்கத்திலதான் நிக்கிறாள்.

—ஐயோ, அதையும் இதையும் சொல்லி அவளின்ர படிப்பைக் கெடுத்துப் போடாதைங்கோ. படம் என்ன மாதிரி?

—கதவளவு.

—அதைக் கேக்கேல்லை, கழட்டியாச்சோ எண்டு கேக்கிறன்.

—தில்லை, அவளிட்ட ஒண்டு சொல்லு.

—விசரே உங்களுக்கு? பக்கத்தில நிக்கிற பிள்ளைக்கு நான் போனில சொல்லுறதோ?

—நீ சொல்லு. திங்கட்கிழமை எத்தினை புள்ளி கிடைச்சதெண்டு உன்னட்ட வந்து சொல்லச் சொல்லு.