ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

எனக்குப் பெருக்கல் கணக்கு நன்றாகவே வரும், ஐயா. பதினாறாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நானும் என் அண்ணனும் ஒரே நாளில் வயர்மேன் லைசென்ஸ் பரீட்சை எழுதினோம். இருநூற்று முப்பது வோல்ட், ஐந்து ஆம்பியர், எத்தனை வாட் என்று ஒரு கேள்வி. பெருக்க வேண்டும். பதற்றத்தில் நான் இரண்டையும் கூட்டி, இருநூற்று முப்பத்தைந்து என்று எழுதிவிட்டேன். அண்ணன் தேறினார், நான் தேறவில்லை. அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் 'கூட்டல்'.

நாலு பேர் கூடினால் போதும், அண்ணன் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "கரண்டையே கூட்டிக் காமிச்ச ஒரே ஆளு என் தம்பிதான்" என்பார். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவர். எனக்கு அவர் மேல் பாசம் உண்டு, இப்போதும் உண்டு.

லைசென்ஸ் இல்லாததால் நான் ஒரு கடையில் ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும் பழுது பார்க்கிறேன். கண் ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு அண்ணன் எங்கள் வீட்டுக்கு ஓய்வெடுக்க வந்தார். குளிர்காலம். பின்னறையைக் கொடுத்தோம். வந்த அன்றே என் மகளை மடியில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஒன்பது வயது. சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, நீங்கதான் கூட்டலா?"

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் அண்ணன் அறை குளிர்கிறது என்றார். நானே கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றிச் செய்த ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். சனிக்கிழமை காலை அதை ஓடவிட்டுப் பார்த்தோம். அண்ணன் தொழிலில் கவனமான ஆள்.

"டேய், இந்த ரூம் வயரிங் ரொம்பப் பழசுன்னு நீதானே சொன்ன? பத்து ஆம்பியருக்கு மேல போனா ஆபத்து. மீட்டரைப் பாத்து நம்பரை மட்டும் சொல்லு, கணக்கை நான் போட்டுக்கறேன்."

"நூத்தி எண்பது வோல்ட். ஒம்பது ஆம்பியர்."

கண்ணில் கட்டோடு, விரலைக்கூட மடக்காமல் சொன்னார். "வகுத்தா இருபது ஓம். பெருக்கினா ஆயிரத்து அறுநூத்தி இருபது வாட். தாங்கும்." பிறகு கொஞ்சம் யோசித்தார். "வோல்டேஜ் ரொம்பக் கம்மியா இருக்கே. எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தாண்ணே."

"சரிடா, கூட்டல்."

எங்கள் தெருவும் பக்கத்து மர அறுவை ஆலையும் ஒரே லைன். இரவு பகலாக ரம்பம் ஓடும் நாட்களில் நூற்று எண்பதுக்கு மேல் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை, அன்று இருநூற்று நாற்பது வரும். தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், பல்பைப் பார்த்தே கிழமை சொல்வார்கள். வந்து மூன்று நாள் ஆன விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? ஹீட்டர் காயில் அதே இருபது ஓம்தான். இருநூற்று நாற்பதை இருபதால் வகுத்தால் பன்னிரண்டு ஆம்பியர். பெருக்கினால் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வாட். சுவருக்குள் டேப் காய்ந்துபோன ஒரு இணைப்பு இருந்தது. சுமை ஏறினாலும் அறுந்துபோகாதபடி பியூஸில் யாரோ எப்போதோ தடித்த கம்பியைப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டையும் நான் பார்த்தேன், இரண்டையும் தொடவில்லை.

ஞாயிறு மதியம் மனைவியையும் மகளையும் பூங்காவுக்குக் கிளப்பினேன்.

"கண்ணுல கட்டோட இருக்கறவரைத் தனியா விட்டுட்டா போறது?" என்றாள் மனைவி.

"தூங்கட்டும்" என்றேன். ஹீட்டரைப் போட்டு, சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்தினேன். பூங்காவில் மகளை ஊஞ்சலில் வைத்து நூறு தடவை தள்ளினேன். போதும் அப்பா என்று அவள் சொன்ன பிறகும் தள்ளினேன்.

நாங்கள் திரும்புவதற்குள் பின்னறை எரிந்துவிட்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து பார்த்து, பழைய வயரிங் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அத்தோடு முடிந்தது. இப்போது நானாக வந்திருப்பதற்குக் காரணம் வேறு.

ஞாயிறு மதியங்களில், வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும், மெயின் வயரில் மீட்டர் பூஜ்ஜியம் புள்ளி நான்கு ஆம்பியர் காட்டுகிறது. பின்னறைக்குப் போகும் லைனை வெட்டிப் பார்த்தேன். அப்போதும் காட்டியது. மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. இருநூற்று நாற்பதை அதனால் வகுத்தால் அறுநூறு ஓம். பெருக்கினால் தொண்ணூற்றாறு வாட். அப்படி ஒரு சாமான் எங்கள் வீட்டில் கிடையாது. புத்தகங்களில் தேடினேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு வெளியிடும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதானாம். கரிந்துபோன அந்த அறையில் ஒரு நாற்காலி மிச்சம் இருக்கிறது. ஞாயிறன்று அதன் இருக்கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

போன ஞாயிறு மகள் அந்த அறை வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னிக்கு வோல்டேஜ் எவ்வளவுன்னு பெரியப்பா கேக்கறாரு."

என் கையில் மீட்டர் இருந்தது. இருநூற்று நாற்பது காட்டியது. "நூத்தி எண்பதுன்னு சொல்லு" என்றேன். அவள் உள்ளே திரும்பி அப்படியே சொன்னாள்.

எழுதிக்கொள்ளுங்கள். என் அண்ணனைக் கொன்றது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். இந்த முறை நான் கூட்டவில்லை, பெருக்கித்தான் பார்த்தேன். விடை சரியாக வந்தது.