தட்டில் விழுந்த மல்லாட்டை

எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாடியும் கொடுத்து, மாடிக்கு மின்விசிறியும் கொடுத்து, எங்கள் ஐயங்களைத் தாங்க ஓர் எவர்சில்வர் தட்டும் கொடுத்து, அந்தத் தட்டின் அடியில் தம் கடைப் பெயரையும் மறக்காமல் பொறித்துக் கொடுத்த விழாத் தலைவர், பாத்திரக் கடை புஷ்பதந்தன் ஐயா அவர்களே! கடினமான புத்தகங்களைக் கணீரென்ற குரலில் எங்களுக்குப் படித்துக்காட்டும் ஆசிரியை ஜெயமாலா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து, பாதிக் கண்ணைக் கடைமேல் வைத்திருக்கும் கடைவீதி வணிகப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் எழிலரசனின் பணிவான, கனிவான, கைகூப்பிய வணக்கம்!

ஓராண்டு ஆகிவிட்டது. செஞ்சியில் ஒரு வாசகர் வட்டம். அது படிப்பது கதை அல்ல, கவிதை அல்ல. கணினியும் தத்துவமும் சமூகமும் கலந்த கட்டுரை நூல்கள்! தொடங்கிய அன்று கடைவீதியில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "இன்னாப்பா, கம்ப்யூட்டர் புஸ்தகம் படிச்சா மல்லாட்டை வெளைஞ்சிடுமா?" என்று கேட்டார்கள். கேட்டவர் இதோ, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். சிரிக்காதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்! விளையாது ஐயா, விளையாது. ஆனால் ஒரே ஒரு மல்லாட்டை ஒரு வயலையே காப்பாற்றிய கதை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: நீங்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு மூன்று மணிக்குக் கூடுவோம். ஒவ்வொருவர் முன்னாலும் வறுத்த மல்லாட்டை ஐந்து. நடுவிலே தட்டு. ஜெயமாலா டீச்சர் படிக்கப் படிக்க, எந்த இடம் புரியவில்லையோ அந்த இடத்தில் ஒன்றை எடுத்துத் தட்டில் போட வேண்டும். டிங் என்று சத்தம் கேட்டால் படிப்பு நிற்கும். புரிந்தவர் விளக்க வேண்டும். கேட்டவர் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு அதை உரித்து, ஒரு பருப்பு கேட்டவருக்கு, ஒரு பருப்பு சொன்னவருக்கு. தட்டு காலியாகும்வரை கூட்டம் கலையக் கூடாது. இதுதான் விதி.

பத்து மாதத்தில் எல்லோரும் போட்டார்கள். மருந்துக் கடைக்காரர் போட்டார். பேருந்து நடத்துநர் போட்டார். தலைவர் போட்ட வேகத்தை, தட்டே அவருடையது என்பதால் பொறுத்துக்கொண்டோம். போடாத புண்ணியவான் ஒருவன் உண்டு. யார் அவன்? சென்னை நிறுவனத்துக்குச் செஞ்சியில் உட்கார்ந்தபடி நிரல் எழுதுகிறவன். கணினியைக் கரைத்துக் குடித்தவன் என்று கடைவீதி நம்பியவன். அதைக் கடைவீதியைவிட அதிகமாகத் தானும் நம்பியவன். அவன் உங்கள் முன்னால் மாலையோடு நிற்கிறான்! புரியாத இடம் எனக்கு இல்லையா? இருந்தது. வாரத்துக்கு நாலு இருந்தது. போட்டால் மானம் போகுமே என்று, ஐந்தையும் நானே உரித்துத் தின்றுவிடுவேன்.

அந்தத் திமிரோடு நான் செய்த சாதனை ஒன்று உண்டு. அனந்தபுரம் பக்கம் கரைமேடு உழவர் சங்கம். சங்கத்துக்கு ஒரே ஓர் அறுவடை இயந்திரம். யார் வயலுக்கு முதலில் போவது என்று ஒவ்வோர் அறுப்புக்கும் அடிதடி. "ஒரு செயலி எழுதித் தாருங்கள்" என்றார்கள். எழுதித் தந்தேன். கைப்பேசியில் பெயரைப் பதிந்தால், கணினி வரிசை போடும். டீசல் மிச்சம், நேரம் மிச்சம், சண்டை மிச்சம்! பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மூன்று நாள் வைத்திருந்தேன். பார்க்காதவர் யாராவது இங்கே உண்டா? இல்லை. பார்க்காதவர்களுக்கு நானே அனுப்பியிருந்தேன்.

தை மாதம். பொங்கல் கழிந்த ஞாயிறு. மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கும் நேரம், மாடிப்படியில் ஓர் அம்மையார் ஏறி வருகிறார். கையில் கைப்பேசி, முந்தானையில் பதர். நீலாவதி என்று பெயர். கரைமேட்டில் அரைக் காணி சம்பா நட்டவர். வீட்டுக்காரர் இல்லை, அந்த அரைக் காணிதான் அந்த வீட்டின் ஆண்டு முழுச் சோறு.

"சார், நீங்கதான கம்ப்யூட்டர் சார்? மொத நாளு நான் ஆறாவதா இருந்தேன். மறுநாளு ஒம்பதாவது. இன்னிக்கிப் பாத்தா பதினாலு. வரிசையில நின்னா முன்னாடிதான போவணும்? நான் பின்னாடியே போய்க்கினு இருக்கேன்! பன்னெண்டு நாளாச்சு. நெல்லு உதிருது. புதங்கெழம மழன்னு ரேடியோல சொல்றான். சங்கத்துல கேட்டா, கம்ப்யூட்டர் போடுது, எங்க கையில இல்லன்றாங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெட்கத்தோடு சொல்கிறேன், உரக்கச் சொல்கிறேன். "ஆமாம் அக்கா, அது கம்ப்யூட்டர் போடுகிற வரிசை. நம்ம கையில் இல்லை. கூட்டம் முடியட்டும், பார்க்கலாம், உட்காருங்கள்" என்றேன்.

பெற்றவனே பிள்ளையைப் பார்த்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதுண்டா? நான் கேட்டேன்!

அவர் உட்கார்ந்தார். டீச்சர் அவருக்கும் ஐந்து மல்லாட்டை கொடுத்து, விதியைச் சொன்னார். படிப்பு தொடங்கியது. அன்றைய அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்: 'இன்று பல இடங்களில் முடிவை இயந்திரமே எடுக்கிறது.' நான் தலையாட்டினேன். மருந்துக் கடைக்காரர் தலையாட்டினார். தலைவர்கூடத் தலையாட்டினார்.

டிங்!

நீலாவதி அக்கா போட்டார்.

"மெஷினு முடிவு பண்ணுதுன்னு போட்டுருக்குது. சரி. மெஷினுக்கு யாரு சொன்னாங்கன்னு போடலியே?"

நான் விடுவேனா? எழுந்தேன். உள்ளீடு என்றேன், வெளியீடு என்றேன், படிமுறை என்றேன், பரப்பளவு என்றேன். பதினைந்து நிமிடம் பொழிந்தேன். பெரிய வயலை முதலில் அறுத்தால் இயந்திரம் அலைவது குறையும், அதனால் பெரிய நிலம் முதலில் வரும், புதிதாகப் பெரிய நிலம் பதிவானால் சிறிய நிலம் பின்னால் தள்ளப்படும், இது கணக்கு அக்கா, வெறும் கணக்கு என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "கணக்கு புரியுது சார். கணக்கு போட்டது யாரு?"

மல்லாட்டை தட்டிலேயே இருந்தது.

மணி நாலரை. மணி ஐந்து. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் தலைவர் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அதற்குப் பிறகு மறுநாள் காலைதான். அதனால் எங்கள் கூட்டம் ஐந்துக்கு மேல் போனதே இல்லை. கீழேயிருந்து இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொல்லியாயிற்று. ஜன்னலில் பார்க்கிறேன், சூரியன் ராஜகிரிக் கோட்டை மேலே உட்கார்ந்திருக்கிறது. "ஐயா, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்" என்றேன். உண்மையைச் சொல்லவா? அவர் எழுந்தால் கூட்டம் கலைந்துவிடும், நான் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் அசையவில்லை. "தட்டு காலியாவலியே, எழிலு" என்றார். "எனக்குப் போனா ஒரு வேள சோறு. அந்தம்மாவுக்குப் போனா ஒரு வருஷ சோறு. நீ பதில சொல்லு."

ஆறு மணி. கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. தலைவரின் இலை கீழே ஆறியது. எனக்கு முன்னால் ஒரு தட்டு, தட்டில் ஒரு மல்லாட்டை. எத்தனை கருத்தரங்கில் பேசியிருக்கிறேன்! எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்! இந்த ஒரு கேள்விக்கு ஒரே ஒரு சொல்தான் பதில். அதைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் அதுவரை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வந்தது. "நான்தான் அக்கா" என்றேன். "கணக்கு போட்டது நான்தான். பெரிய நிலம் முதலில் என்று எழுதியது இந்தக் கைதான். சின்ன நிலத்துக்குக் கடைசிவரை முறை வராமலே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

கை தட்டாதீர்கள். இதற்குக் கை தட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மல்லாட்டையை உரித்தேன். ஒரு பருப்பு அவருக்கு, ஒரு பருப்பு எனக்கு. பத்து மாதத்தில் நான் நேர்மையாகத் தின்ற முதல் பருப்பு அதுதான். அங்கேயே சங்கத் தலைவரைக் கைப்பேசியில் பிடித்தேன், ஒப்புதல் வாங்கினேன், மடிக்கணினியைத் திறந்தேன். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி முன்னால் வரும்படி விதியை மாற்றினேன். அரை மணி நேர வேலை! அந்த அரை மணி நேரத்தை நான் முதலிலேயே செலவழித்திருந்தால், பன்னிரண்டு நாள் அந்த அம்மையார் தூக்கம் கெட்டிருக்குமா?

புது வரிசை வந்தது. நீலாவதி அக்கா முதலில் இருப்பார் என்று பார்த்தால், மூன்றாவதாக இருக்கிறார். அவருக்கு முன்னால் இரண்டு பெயர். இருவருக்கும் கால் காணி. ஒருவர் பதினைந்து நாளாகக் காத்திருக்கிறார், இன்னொருவர் பதினான்கு நாளாக. திங்கட்கிழமை இயந்திரம் ஏற்கெனவே இறங்கிவிட்ட வயலில் நிற்கும், செவ்வாய்தான் மிச்சம். புதன் மழை. என் புத்தி எங்கே போகும்? "அக்கா, நீங்கள் கேட்டு வந்தவர். உங்கள் பெயரை மேலே தூக்கிவிடட்டுமா?" என்றேன்.

"இன்னா சார் நீங்க!" என்று ஒரே அதட்டு. "இப்பதான மெஷினுக்குச் சொன்னது நீங்கன்னு ஒத்துக்கினீங்க? அதுக்குள்ள தப்பா சொல்லித் தர்றீங்களே! அவங்களுக்கு மொதல்ல அறுங்க. மழ வந்தா நான் மழையப் பாத்துக்கறேன்."

ஆயிரம் பக்கம் அறம் படிக்கலாம் ஐயா. அரைக் காணிக்காரர் ஒருவர், வானத்தில் மேகம் திரளும்போது, தன் முறையை விட்டுக்கொடுக்காமலும் பிறர் முறையைப் பறிக்காமலும் நின்றாரே, அதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடு உண்டா? எனக்கு அன்று அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றுதான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை. இயந்திரம் ஓட்டும் பச்சைமுத்துவை உங்களுக்குத் தெரியும். டீக்கு நிறுத்தாமல் வண்டி ஓட்டியதாக வரலாறே கிடையாது. அன்று நிறுத்தவில்லை! முதல் கால் காணி, இரண்டாம் கால் காணி, மூன்றரை மணிக்கு நீலாவதி அக்கா வயல். நானும் போய் வரப்பில் நின்றேன், தலைவரும் வந்து நின்றார், டீச்சர் தார்ப்பாய் கொண்டு வந்தார். கதிர் பாதி சாய்ந்திருந்தது. "மெஷின் தலைய எறக்கி அறுக்கறேன், போங்க, கிட்ட வராதீங்க" என்று பச்சைமுத்து கத்துகிறார். ஐந்து மணிக்கு முன் கடைசிச் சால் முடிந்தது. நெல் களத்தில் ஏறியது. தார்ப்பாய் நெல்லின் மேல் ஏறியது. புதன் விடிந்ததும் கொட்டியதே மழை! அந்த மழையைச் செஞ்சியே திட்டியது. நானும் தலைவரும் டீச்சரும் மட்டும் பாத்திரக் கடை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

தூணருகே நிற்கும் ஐயா, உங்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டர் புத்தகம் படித்தால் மல்லாட்டை விளையாது. ஆனால், 'கம்ப்யூட்டர் போடுது' என்று யாராவது சொன்னால், 'கம்ப்யூட்டருக்குச் சொன்னது யாரு' என்று கேட்கும் துணிவு விளையும். ரேஷனில் கேளுங்கள்! வங்கியில் கேளுங்கள்! என்னைப் போன்ற நிரல் எழுதுகிறவன் பொன்னாடையோடு வந்தால் அவனிடம் கட்டாயம் கேளுங்கள்!

இதோ, ஒலிவாங்கி பக்கத்தில் தட்டு வைத்திருக்கிறேன். இவ்வளவு நேரம் பேசினேனே, புரியாத இடம் யாருக்காவது உண்டா? இல்லையென்றால் முடித்துக்கொள்கிறேன்.

யார் அது? வழி விடுங்கள், வழி விடுங்கள். நீலாவதி அக்கா வருகிறார்.

டிங்!

கேட்டீர்களா? அக்கா, ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

"நான் மாடியேறி வந்து கேட்டேன், எனக்குக் கெடச்சுது. அந்த ரெண்டு பேரு கேக்கவே வரல. இன்னும் பேரே பதியாதவங்க, போனே இல்லாதவங்க எத்தினி பேரு இருக்காங்கன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது அக்கா. மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தலைவரே, பொழுது சாய்கிறது, தட்டு காலியாகவில்லை, மறுபடியும் உங்களைப் பட்டினி போடப் போகிறேனே! என்ன சொல்கிறீர்கள்? அன்பர்களே, தலைவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "நான் நாலு மணிக்கே சாப்ட்டுட்டுதான் வந்தேன், நீ நடத்து" என்கிறார்!

அப்படியானால் கேளுங்கள். இந்த மல்லாட்டையை இன்று உரிக்க மாட்டேன். என் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை ஏழு மணி அனந்தபுரம் பேருந்தில் நானும் டீச்சரும் தலைவரும் ஏறுகிறோம். கரைமேட்டில் வீடு வீடாகப் போய், பதியாதவர் யார் என்று கேட்கப் போகிறோம். இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம். தட்டு காலியாகும்வரை கூட்டம் கலையக் கூடாது என்பது விதி. ஆகவே, பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நீங்கள் வீட்டுக்குப் போகலாம், அடுப்பைப் பார்க்கலாம், கடையைத் திறக்கலாம். ஆனால் கூட்டம் கலையவில்லை.

வணக்கம்!