போர் இல்லை என்று தமுக்கு அடித்தார்கள்

ஓடுகிறோம். ஏரித் தண்ணீர் இடுப்பளவு. காலுக்குக் கீழே சேறு. என் தோளில் செங்கேணி. என் மகள். ஆறு வயது. முன்னால் என் கணவர் நாகன், தலையில் வலைமூட்டை. மாசி மாதம். இப்போதுதான் விடிந்திருக்கிறது. வடகரையில் முதலில் ஒரு சத்தம், மரக்கதவைக் கையால் அறைந்ததுபோல. பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிற ஓசை. பிறகுதான் தண்ணீர் எழுகிறது.

"உக்காரு! கழுத்து வரைக்கும் தண்ணில உக்காரு!" நாகன் கத்துகிறார்.

பின்னால் பசியாவரம் எரிகிறது. எங்கள் தீவு. முன்னால் ஒல்லாந்தர் கோட்டை. கதவு மூடியிருக்கிறது.

செங்கேணி என் காதில் சொல்கிறாள். "பயப்படாதம்மா. சலாம் வெடிதான். நைனாகிட்ட சொல்லு."

சலாம் வெடி என்ற சொல் தமுக்கிலிருந்து வந்தது.

முன்பெல்லாம் கோட்டைத் தமுக்கு உருப்படியான சேதி சொன்னது. கப்பல் வருகிறது. புயல் வருகிறது, படகை மேலே ஏற்றிக் கட்டுங்கள். சொன்னபடி நடந்தது. நம்பினோம். அதன் பிறகு எதைப் பேசக் கூடாது என்று சொல்லத் தொடங்கியது. வடக்கே ஒல்லாந்தரின் பகைவருடைய குதிரைப்படை இறங்கியதைப் பேசக் கூடாது. கரையூர்கள் காலியாவதைப் பேசக் கூடாது. சண்டை என்ற சொல்லே கூடாது. தூரத்தில் பீரங்கி கேட்டால் அது கப்பலுக்கு மரியாதையாகச் சுடுகிற சலாம் வெடி. மீறிப் பேசுகிறவனைக் காட்டிக் கொடுத்தால் ஒரு மரக்கால் அரிசி.

பக்கத்து வீட்டு எல்லப்பன் சுண்ணாம்புக்குளத்துக்குக் கருவாடு விற்கப் போனான். போன கூடை அப்படியே திரும்பி வந்தது. துறையில் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அங்க ஊரே இல்ல. சாம்பல்தான் கீது. அடுத்து நம்ப பக்கம்தான் வருவானுங்க. பொம்பள புள்ளைங்கள இன்னிக்கே தெற்கால அனுப்பிடுங்க."

யாரோ அரிசி வாங்கினார்கள். மறுநாள் சந்தையில் அவனைக் கம்பத்தில் கட்டினார்கள்.

"சுண்ணாம்புக்குளத்துல இன்னா பாத்த?" தமுக்குக்காரன் கேட்டான்.

"சாம்பல்."

சவுக்கு விழுந்தது. மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். கடைசியில் எல்லப்பனுக்குக் குரல் வரவில்லை. அவனுக்காகத் தமுக்குக்காரனே பதில் சொன்னான். "ஒன்னும் பாக்கலியாம்." கூட்டம் சிரித்தது. யார் சிரிக்கவில்லை என்று சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனைக் கப்பலில் ஏற்றினார்கள். வேலைக்குப் போகிறான், வயிறாரச் சோறு கிடைக்கும் என்று தமுக்கு சொன்னது. அப்படிப் போன எவரும் திரும்பியதில்லை.

எங்கள் படகுகளை இழுத்துப் போய்க் கோட்டைத் துறையில் சங்கிலி போட்டார்கள். பத்திரத்துக்காம்.

அதன் பிறகு வீட்டுக்குள்ளும் பேச்சு நின்றது. ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன். "நாம கிளம்பிடலாமா?"

நாகன் மகளைப் பார்த்தார். "எங்க? இன்னாத்துக்கு? ஒன்னும் இல்லியே." அவள் விளையாடப் போனதும் மெல்லச் சொன்னார். "கொழந்த வாயில வந்துடும். பேசாத."

பெற்ற பிள்ளைக்குப் பயந்தோம். படை வருவது எல்லாருக்கும் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம்.

கதவை அடைந்துவிட்டோம். தட்டுகிறோம். கத்துகிறோம். "தொறங்க! புள்ளைங்க கீது!"

மதில் மேலிருந்து ஒருவன் குனிந்து பார்க்கிறான். எங்கள் ஊர்க்காரன்தான். "வீட்டுக்குப் போங்க! ஒன்னும் இல்ல! போங்க!"

அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குண்டு விழுகிறது. கோட்டைப் பீரங்கிகளும் சுடத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். நாகன் கதவில் கையை வைத்தபடியே சரிந்தார். மார்பில் இரும்புச் சில்லு. செங்கேணி என் தோளில் கனத்துப்போனாள். எப்போது என்று எனக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அவ்வளவு சத்தம்.

படை சில நாளில் வடக்கே திரும்பிற்று. தமுக்கு மறுபடி வந்தது. கோட்டை எல்லாரையும் காப்பாற்றியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒப்பாரி வைப்பவர்களுக்குச் சவுக்கடி. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு குழி தோண்டினோம்.

இப்போது திருப்பாலைவனம் என்ற ஊரில் நெல் அறுக்கிறேன். உடன் அறுக்கும் பெண்கள் கேட்கிறார்கள். "அங்க சண்டை ஒன்னும் நடக்கலியாமே?" கோட்டையின் சொல் எனக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடந்ததை நான் சொல்கிறேன். ஒருத்தி எழுந்து அடுத்த வரப்புக்குப் போகிறாள். மற்றவர்கள் தலை குனிந்து அறுக்கிறார்கள்.

ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பசியாவரத்தில் முப்பத்தொன்பது குடிசைகள் இருந்தன. நான்கு மிஞ்சின. படகு ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. கோட்டைக் கதவடியில் செத்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் பதினோரு பேர் குழந்தைகள். எல்லப்பன் இருக்கிறானா, இல்லையா, தெரியாது. என் வீட்டில் இருவர். நாகன். செங்கேணி.