குளிசையை ஒளிக்கும் குடும்பங்களே!

இந்தப் பேச்சுத் தாளைக் கண்டெடுப்பவரே, கெஞ்சிக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவுக்கு. ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் நானே வாசிக்கும்வரை இது வெளியே தெரியக் கூடாது.

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! காலையிலிருந்து றோல்ஸ் பொரித்துக் களைத்த அன்னையரே! பிறஷர் பார்க்கும் மேசையோடு மூலையில் காத்திருக்கும் மார்வா அன்ரி அவர்களே! வணக்கம்.

மார்வா அன்ரி ஒரு தாதி. செயின்ற் லூசியாத் தீவின் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பூசை முடிந்ததும் அவருடைய ஆட்கள் அந்த மேசைக்கு வரிசையாக வருகிறார்கள். பிறஷர் ஏற்றும் உப்பிட்ட மீனை இன்னும் விடாதவர் யார் என்று மண்டபம் அதிரப் பகிடி பண்ணுகிறார்கள். நாங்கள்? மேசையைச் சுற்றிக்கொண்டு காருக்கு ஓடுகிறோம்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சீனி வருத்தமும் பிறஷரும் அவர்களைப் போலவே எங்களையும் கூடுதலாகப் பிடிக்கும் என்று அன்ரி எத்தனை முறை சொல்வது? அவருடைய அண்ணன் வருத்தத்தை மறைத்தே செத்தவர். "அவனைப் புதைத்த பிறகுதான் நாங்கள் வரிசையில் நிற்கப் பழகினோம்" என்கிறார் அன்ரி. நாங்கள் யாரைப் புதைக்கக் காத்திருக்கிறோம்?

போன சனிக்கிழமை என் அக்கா துசியந்தியைப் பெண் பார்க்க டூட்டிங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அதற்கு முன்பே அப்பா தன் சீனி வருத்தத்துக்கான குளிசைகளைக் குப்பையில் போட்டுவிட்டார்.

"வருத்தக்காரக் குடும்பம் எண்டு கதை வந்தால் கலியாணம் குழம்பிடும்."

"விழுந்திடுவீங்கள், அப்பா!"

"வாயை மூடு. எல்லாம் முடியட்டும், பிறகு குளிசை போடுறன்."

மாப்பிள்ளையின் தகப்பனார் கேசரியை அள்ளினார். "எனக்குச் சீனி கீனி ஒண்டுமில்லை."

"எனக்கும்தான்! இன்னும் எடுங்கோ, அண்ணை" என்று அப்பாவும் அள்ளினார்.

போட்டி போட்டுத் தின்றார்கள்! சற்று நேரத்தில் பூட்ட மறந்த குளியலறைக் கதவை நான் திறந்தேன். உள்ளே, சீனியே இல்லை என்ற அந்த மாமா, சட்டையை உயர்த்தி, வயிற்றில் இன்சுலின் ஊசி ஏற்றிக்கொண்டு நின்றார்.

யாரிடம் யார் மறைக்கிறோம், பெரியோர்களே?

அக்காவிடம் சொன்னேன். "கலியாணம் குழம்பினால் குழம்பட்டும். எனக்கு அப்பா வேணும்" என்றாள்.

மறைப்பதா மானம்? மயங்கி விழுவதா மரியாதை? மகளின் மணநாளில் தகப்பன் உயிரோடு இருக்க வேண்டாமா? இதோ, மேடையிலிருந்து இறங்கி அப்பாவின் கையைப் பிடித்து அந்த மேசைக்குப் போகிறேன். வழி விடுங்கள்! பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்க

கதவு தட்டுகிறது. அப்பாவின் குரல்.

"பிள்ளை... கதவைத் திற. கண் இருட்டிக்கொண்டு வரு