மூன்றாவது மாடியில் நின்ற லிஃப்ட்

நம் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்தாலே நின்றுவிடுமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாகமும் கெடவில்லை. மோட்டார் நன்றாக ஓடியது, கம்பிக்கயிறு புதியது, கதவு ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. பாதி ஆயுசை லிஃப்ட் பழுதுபார்த்தே கழித்தவன் நான், எனக்கே பிடிபடவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஓர் இயந்திரம் எப்படி நிற்கும்?

நீ துணியைப் பெட்டியில் அடுக்கு. அடுக்கிக்கொண்டே கேள். உன் புருஷன் வேலை தேடிப் போயிருக்கிறான், வர நேரமாகும். "மாமா, அவரை நேரா பேங்க்குக்குப் போகச் சொன்னது நீங்கதானா?" என்று கேட்டாய் அல்லவா, அதற்குத்தான் வருகிறேன்.

அந்தச் சாப்பாட்டு மேஜைச் சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கடனுக்கு புரோக்கரிடம் போவதா, நாமே வங்கிக்குப் போவதா என்று பேச்சு வந்தது.

"நடுவுல ஒருத்தனுக்கு எதுக்குத் தண்டம் அழணும்?" என்றான் என் மகன். "பேங்க்காரன் என்ன கடிச்சா தின்னுடுவான்?"

நீ பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். "பல்லு வலிச்சா நீங்களே கண்ணாடி முன்னாடி நின்னு பிடுங்கிக்குவீங்களா?" என்றாய்.

"நான் கம்பெனிக் கணக்கே எழுதுறவன். எனக்கு ஒரு விண்ணப்பம் எழுத வராதா?"

"எழுத வரும். எந்த பேங்க் நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் குடுக்கும்னு தெரியுமா? நீங்க சொல்லுங்க மாமா."

அந்த ‘மாமா’ என்ற சொல்லில் சர்க்கரை இருந்தது. அதற்கு முந்தின வாரம் அடுப்படியில் நின்று உன் அக்காவோடு போனில் பேசியபோது நான் கிழவன். "வீடு மட்டும் அமையட்டும்க்கா, கிழவனோட தொணதொணப்புக்கு ஒரு கும்பிடு" என்றாய். குழாயைத் திறந்துவிட்டுப் பேசியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. நான் கோபப்படவில்லை. உன் மாமியார் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன். அதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அன்று ஒளிவுமறைவு இல்லாமல்தான் விளக்கினேன். நேரே போனால் உன் கதையை நீயே சொல்லலாம், இடையில் ஆள் இல்லை. ஆனால் அந்த ஒரு வங்கி வைத்ததுதான் சட்டம். புரோக்கருக்குப் பல வங்கிகளின் குணம் தெரியும். ஆனால் அதிகக் கமிஷன் தரும் வங்கிப் பக்கம் அவன் சாயக்கூடும். எனக்கு விளக்கப் பிடிக்கும். நீ கொட்டாவி விட்டாய்.

மறுநாள் அவனைத் தனியாகப் பிடித்தேன். "நேராவே போடா. கடன் கைக்கு வந்தப்புறம் அவகிட்ட சொல்லு, அசந்துபோயிடுவா." சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். "அவன் பேர்ல விண்ணப்பத்தை புரோக்கர்கிட்டயே குடும்மா. என் மகன் வீம்பு பிடிச்சவன். காரியம் முடியட்டும், கடைசிக் கையெழுத்துக்கு அவன்கிட்ட சொல்லிக்கலாம்." இரண்டும் நல்ல யோசனைதான். இரண்டு வெவ்வேறு வீடுகளில் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் நன்றாக வாழ்ந்திருக்கும். "என் பேரை மட்டும் இழுக்காதீங்க, ஒரு பக்கம் சாய்ஞ்சேன்னு ஆயிடும்" என்று இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டேன். சண்டை முற்றியபோதுகூட இரண்டு பேரும் வாக்குத் தவறவில்லை. நல்ல பிள்ளைகள்.

புரோக்கர் எந்த வங்கிக்கு அனுப்பப்போகிறான் என்று நீயே என்னிடம் சொன்னாய். அதே வங்கியைத்தான் உன் புருஷனுக்கும் காட்டினேன்.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். கதவு சாத்தியிருக்கிறதா என்று சொல்ல அதில் இரண்டு ஸ்விட்ச் உண்டு. மூன்றாவது மாடியில் மட்டும் ஒன்று துளி பிந்தியது, அவ்வளவுதான். சாத்தியாச்சு என்கிறது ஒன்று, இல்லை என்கிறது மற்றது. எது பொய் என்று இயந்திரம் விசாரித்துக்கொண்டிருக்காது. இரண்டு பேச்சு வந்தால் நிறுத்திவிடும். அழகான ஏற்பாடு. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வங்கியும் அப்படித்தான். என் பழைய கடனுக்கு உன் புருஷன் ஜாமீன் நிற்கிறான், அப்போது அது உனக்குத் தெரியாது. "மறைக்காம எழுதிடுடா" என்றேன், எழுதினான். "அவர் பேர்ல எதாவது கடன், ஜாமீன்னு இருக்கா மாமா?" என்று நீ கேட்டாய். "ஒண்ணும் கிடையாதும்மா" என்றேன், நீயும் அப்படியே எழுதினாய். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒரே ஆள் பேரில் இரண்டு விண்ணப்பம், இரண்டு பேச்சு. மோசடி என்று குறித்து நிறுத்திவிட்டார்கள். ஜாமீனை மறைத்தான் என்று நீ அவன் மேல் பாய்ந்தாய். முதுகுக்குப் பின்னால் தன் பேரில் பொய் எழுதினாள் என்று அவன் உன் மேல் பாய்ந்தான். நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

வேலை போனதற்கு வங்கியைத் திட்டுகிறாய், அது அநியாயம். வங்கி கம்பெனிக்கு ஒன்றும் சொல்லவில்லை. போன் செய்தது நான். கணக்கு எழுதுகிறவன் மேல் மோசடிக் குறி விழுந்தது முதலாளிக்குத் தெரிய வேண்டாமா? தவிர, சம்பளம் இருந்தால் அவன் வேறு வங்கி பார்ப்பான்.

அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை. வைத்த சோற்றில் பாதி மிஞ்சுகிறது. நான் விளக்க ஆரம்பித்தால் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறான். நிம்மதியாக இருக்கிறான்.

முகம் ஏன் வெளுக்கிறது? தாராளமாக அவனிடம் சொல். நானும் சொல்வேன், "கோபத்துல என் மேல பழியப் போடுறாப்பா" என்று. இரண்டு பேச்சு. எது பொய் என்று விசாரிக்க அவனிடம் தெம்பு இல்லை, இருக்கும் இடத்திலேயே நின்றுவிடுவான். இருக்கும் இடம் என் வீடு. நின்ற லிஃப்டில் ஆபத்தே கிடையாதும்மா. உள்ளே இருப்பவர் கொஞ்ச நேரம் கதவைத் தட்டுவார், பிறகு அதுவும் ஓய்ந்துவிடும்.