சிமிழ் காலியாக இருந்தது

என் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. மத்தியானம் வரை நல்ல நிழல். நடவுக்குப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போனதற்கு முதல் காரணம் அந்த நிழல்தான். இரண்டாவது காரணம், சொர்ணத்திடம் விட்ட பிள்ளை அழுது திருவரங்குளத்தில் யாரும் கேட்டதில்லை.

அழாததற்குக் காரணம் உரைமருந்து. வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவது எல்லா வீட்டிலும் உண்டு. நான் கூடவே துளி அபினும் உரைப்பேன். தாய்மாருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கும் இடுப்பு வளைத்து நாள் முழுக்க நாற்று நட வேண்டியிருந்தது.

அபின் எப்படி வந்தது என்று கேட்டீர்கள், ஐயா. என் வீட்டுக்காரர் வீரய்யா முதுகுவலிக்காகத் தின்னப் பழகியவர். சர்க்கார் கடையில் வாங்காமல் வேறெங்கோ வாங்கியதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோர்ட்டில் நான் பின்னால் நின்று கேட்டேன். மடியில் இருந்தாலும், பெட்டியில் இருந்தாலும், சுவருக்குள் இருந்தாலும், யார் பொறுப்பில் இருந்ததோ அவர் வைத்திருந்ததாகத்தான் சட்டம் என்று வக்கீல் சொன்னார். தின்றதற்கு வழக்கில்லை, வைத்திருந்ததற்குத்தான் வழக்கு என்றும் சொன்னார். அதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். ஆறு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வீட்டுக்காரர் இருமலோடு திரும்பி வந்தார். சித்திரை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மாடத்தில் செருகி வைத்த ஒரு துண்டு மட்டும் சோதனை போட்டவர்கள் கண்ணில் படவில்லை. அதைத்தான் சிமிழில் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு காக்கித் துணியைக் கண்டாலே கதவைச் சாத்துவேன். தபால்காரர் வந்தாலும் உள்ளே போய்விடுவேன். எறிந்துவிடலாமே என்பீர்கள். எறிந்தால் பிள்ளைகள் அழுமே.

வெகுதானிய வருஷம், ஐப்பசி நடவு. அன்று நான்கு பிள்ளைகள். கடைசியாக வந்தவள் அமிர்தவல்லி. அவள் மகன் ஐயனாருக்கு ஏழு மாதம். "ராத்திரியெல்லாம் சிணுங்கிக்கிட்டே கெடந்தான் அக்கா. செத்த பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வெயில் ஏறும் நேரம். இரண்டு பேர் தெருவில் வந்தார்கள். ஒருவர் கையில் தோல்பெட்டி. மற்றவர் காக்கிச் சட்டையில், தோளில் டவாலிப் பட்டை போட்ட சேவகர். என் கதவைத் தட்டினார்கள். நான் தாழ் போட்டேன். பெட்டிக்காரர் கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். சேவகர் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றார்.

கொல்லையில் எறிய வழியில்லை. அடுப்பில் போட்டால் தெருவெல்லாம் வாடை காட்டிக்கொடுக்கும். மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஐயனார் மட்டும் தூளியில் விழித்திருந்தான். விரலைக் கொடுத்தால் சப்புவான். துண்டு முழுவதையும் தேனில் குழைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கொடுத்தேன். கசப்புக்கு ஒருமுறை முகம் சுளித்தான், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கல்லைக் கழுவினேன். சிமிழைக் கழுவினேன். கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பெட்டிக்காரர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்தவுடனே குரலைத் தணித்துக்கொண்டார்.

"பயப்படாதம்மா. பிள்ளைகளுக்கு அம்மை குத்த வந்திருக்கோம். எத்தனை பிள்ளை இருக்கு?"

ஊசிக்குப் பயந்து பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக ஓடுவார்களாம். அதனால்தான் சேவகரை அங்கே நிறுத்தினாராம். நாலு என்று சொன்னேன். மூன்று பிள்ளைகளும் குத்தும்போது அழுதன. ஐயனார் அழவில்லை. சாது என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் காக்கிச் சட்டை நின்றதே.

அமிர்தவல்லி அந்தியில் சேறு காயாத காலோடு வந்தாள். தூங்குகிறானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பால் கட்டி நெஞ்சு வலிப்பதாகச் சொல்லிக்கொண்டே தூளியில் கையை விட்டாள்.

அதை நீயே விழுங்கியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சாகப் பயம் ஐயா. அதுவுமில்லாமல், நான் விழுந்து கிடந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது.

ஐயனாரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ரேகை வைக்கிறேன். அபின் வைத்திருந்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அவர்கள் உள்ளே வந்தபோது என்னிடம் ஒன்றும் இல்லை.